ஒளித்து வைத்த பெட்டியும் கேட்டு வாங்கிய அனுமதியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது கல்லூரி மண்டபத்தில், ஐக்கிய இராச்சியக் கிளையின் சனிக்கிழமை நடைக்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு கிளையும் தன் பணிகளில் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று விழாக்குழுவினர் கேட்டிருந்தார்கள். புலமைப்பரிசில், நூலகம், விஞ்ஞானகூடம் என்று பெரிய பணிகளைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு பொழுதுபோக்கு. பூங்காக்களில் ஒளித்து வைக்கப்பட்ட சிறு பெட்டிகளைத் தேடிப் போகும் ஜியோகாஷிங் என்ற விளையாட்டு. "இந்த வயதில் ஒளித்துப் பிடித்து விளையாட்டோ?" என்று சிரிக்கிறீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். ஆனால் இந்த விளையாட்டில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அந்தப் பிழையிலிருந்து ஒன்றைக் கற்றோம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறோம். யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓர் இடத்தில் மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளை அதற்கென உள்ள இணையத்தளத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைத்தொலைபேசியையோ ஜி.பி.எஸ். கருவியையோ வைத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். கருவி சில மீற்றர் தூரம் வரைதான் கொண்டுபோய் விடும். அதன்பிறகு கண்ணும் கையும்தான். பெட்டிக்குள் ஒரு சிறு கொப்பி இருக்கும். அதில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட வேண்டும். உள்ளே பிள்ளைகளுக்கென்று சிறு பொருட்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியான இன்னொன்றை வைக்கவேண்டும். சாப்பாட்டுப் பொருள் வைக்கக்கூடாது. விலங்குகள் மணம் பிடித்து வந்துவிடும்.

இதற்கு ஒரு பிறந்தநாளும் உண்டு. செய்மதிகள் அனுப்பும் ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் பொதுமக்கள் துல்லியமாகப் பெறாதபடி அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. அதனால் ஏறக்குறைய நூறு மீற்றர்வரை பிழை வரும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி அந்தக் குழப்பல் நிறுத்தப்பட்டது. ஓரிரு நாட்களுக்குள், மே 3ஆம் திகதி, ஒறிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்ற ஊருக்கருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் காட்டில் வைத்து, அதன் இடக்குறிப்பை இணையத்தில் எழுதினார். உள்ளே இருந்தவற்றுள் ஒரு ரின் அவரைக்காயும் இருந்ததாம். மூன்று நாட்களுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன. இலங்கையிலும் சில உண்டு.

ஒளித்து வைத்துத் தேடும் ஆசை அதற்கும் பழையது. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் எட்டமுடியாத ஓர் இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தங்கள் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் கல்லூரியிலும் சாரணியர் முகாம் நாளில் மாமரத்துப் பொந்திலும் கிணற்றடிக் கல்லுக்குக் கீழும் துண்டுக் கடிதங்களைத் தேடி ஓடியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள்.

நாங்கள் இதற்குள் வந்த கதை சாதாரணமானது. முழங்கால் வலி, நீரிழிவு, பிரஷர் என்று எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. "நடவுங்கள்" என்றார்கள் வைத்தியர்கள். சனிக்கிழமைகளில் சேர்ந்து நடக்கத் தொடங்கினோம். ஒரே பூங்காவை ஒரே திசையில் எத்தனை தரம் சுற்றுவது? சில மாதங்களில் ஆட்கள் குறைந்தார்கள். ஒரு நாள் எங்களில் ஒருவரின் பேரன் கூட வந்தான். கைத்தொலைபேசியைப் பார்த்தபடி, "அம்மம்மா, இங்கே ஒரு பெட்டி இருக்கிறது" என்றான். பாதையோரத்தில் ஒரு பழைய மரக்குற்றி. அதன் அடியில் கல்லொன்று வைத்து மூடப்பட்ட பொந்து. அவன் கையை உள்ளே விடப் போனான். எங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினோம்: "தொடாதை!"

அந்தப் பிள்ளை திகைத்துப் போனான். அவனுக்கு விளங்கவில்லை. இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. நிலத்தில் கிடக்கும் பேனையை எடுக்காதே, பொம்மையை எடுக்காதே, ரின்னைக் காலால் தட்டாதே என்று காலைக் கூட்டத்தில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பஸ்ஸில் ஆளில்லாத பார்சலைக் கண்டால் இறங்கி ஓடியவர்கள். நாடு மாறி எத்தனையோ வருடமான பிறகும் அந்தப் பயம் கையிலேயே இருந்தது. அன்று அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பிளாஸ்ரிக் தவளை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்காமல் வாங்கில் போய் இருந்து அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஆட்கள் குறையவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் பழைய கால்வாய் ஒன்று இருப்பதும், நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்த தேவாலயத்தின் பின்னால் முந்நூறு வயதுக்கும் மேற்பட்ட மரம் நிற்பதும் இந்தப் பெட்டிகளால்தான் எங்களுக்குத் தெரிய வந்தன. வைப்பவர்கள் பொதுவாகத் தாங்கள் விரும்பும் இடத்திலேயே வைக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது போல இருக்கும்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம்.

கல்லூரியின் நிறுவுநர் நாளுக்கு நாங்களும் ஒரு பெட்டி வைக்க ஆசைப்பட்டோம். ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, கல்லூரி நிறத்தில் நாடா ஒட்டி, சின்னத்தின் படம் ஒன்றை உள்ளே வைத்து, கொப்பியின் முதற்பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கல்லூரியைப் பற்றி எழுதினோம். நாங்கள் நடக்கும் பூங்காவில் ஒரு சிறு காடு உண்டு. பாதையிலிருந்து முப்பது அடி உள்ளே விழுந்து கிடந்த மரத்தின் கீழ் அதை வைத்தோம். பதிவுசெய்யும்போது, நில உரிமையாளரின் அனுமதி பெற்றீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. "பொதுப் பூங்காதானே! எல்லாருக்கும் சொந்தமான இடத்தில் யாரிடம் கேட்பது?" என்று கதைத்துக்கொண்டு, ஆம் என்று அடையாளமிட்டோம்.

ஆறு கிழமைகளில் நாற்பது பேர் வந்து கையொப்பமிட்டார்கள். பலர் எங்கள் கல்லூரியைப் பற்றி அன்பாக எழுதியிருந்தார்கள். நாங்கள் புளகாங்கிதம் அடைந்திருந்தபோது ஒரு நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. பெட்டிக்குள் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்துப் பூங்கா அலுவலர் ஒருவர் எடுத்திருந்தார். வரச்சொன்னார். நாங்கள் நான்கு பேர் போனோம். அதிபரின் அறைக்கு வெளியே நிற்கும் அதே கால் நடுக்கம்.

அவர் ஏசவில்லை. எங்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று நிலத்தைக் காட்டினார். நாங்கள் பெட்டி வைத்தபோது அங்கே பாதை இருக்கவில்லை. இப்போது இருந்தது. நாற்பது பேர் போனதும் வந்ததும், பெட்டியைத் தேடி அங்குமிங்கும் சுற்றியதுமாகச் சேர்ந்து ஒரு புதுத்தடத்தை உண்டாக்கியிருந்தன. வசந்தத்தில் அந்தக் காடு முழுவதும் புளூபெல் என்ற நீலப்பூ பூக்கும். அதன் இலை மிதிபட்டால் அந்தக் கிழங்குக்கு உணவு சேராது. மறுபடி தேற வருடக்கணக்காகும். அந்தப் பூவைப் பார்ப்பதற்காகவே ஒவ்வோர் ஏப்ரலிலும் அங்கே போகிற நாங்கள்தான் அதை மிதிக்க வழி செய்திருந்தோம்.

அடுத்ததாக அவர் சொன்னது எங்களை இன்னும் கூடச் சுட்டது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்த வந்த வேலையாள்தான் பெட்டியைக் கண்டிருக்கிறார். வெளியே எந்தக் குறிப்பும் இல்லை. நாடா சுற்றிய, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டி. அவர் தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிற்கச் செய்து, அலுவலகத்துக்கு அறிவித்திருக்கிறார். எங்கள் வாழ்நாள் முழுவதும் எந்தப் பயத்தைச் சுமந்தோமோ, அதே பயத்தை நாங்களே இன்னொரு மனிதருக்குக் கொடுத்துவிட்டோம்.

கடைசியாக அவர் சொன்னார்: "என்னிடம் கேட்டிருந்தால் ஓம் என்றே சொல்லியிருப்பேன். இதைவிட நல்ல இடமும் காட்டியிருப்பேன்."

வீட்டுக்கு வந்து நாங்கள் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். எங்கள் பிழை புதிதல்ல என்று தெரிந்தது. யோர்க்ஷயரில் வெதர்பி என்ற சிறு நகரில், 2011 யூலையில், ஒருவர் தெருவோரத்தில் சிறு பெட்டியொன்றை ஒளித்து வைப்பதைக் கண்ட ஒருவர் பொலிஸுக்கு அறிவித்தார். தெரு மூடப்பட்டது. இராணுவத்தின் வெடிபொருள் பிரிவினர் வந்து பெட்டியை வெடிக்க வைத்தார்கள். அது ஒரு ஜியோகாஷ் பெட்டி. இந்த விளையாட்டில் பலர், தண்ணீர் புகாது என்பதற்காக, இராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டிகளையே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் தொடக்கத்தில் இதை ஏற்கவில்லை. பூங்காவுக்குள் ஒரு பொருளை விட்டுப் போவது, கைவிடப்பட்ட பொருள் பற்றிய விதிக்குள் வந்தது. முதலாவது வாளியே பாதி நிலத்துக்குள் புதைக்கப்பட்டிருந்தது. தோண்டுவார்களோ என்ற பயமும் அதனால் வந்தது. இன்று நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டி வைப்பது இந்த விளையாட்டின் சொந்த விதியாலேயே தடை. 2009இல் தேசியப் பூங்காச் சேவை, அந்தந்தப் பூங்காவின் பொறுப்பாளரே ஆராய்ந்து தீர்மானிக்கலாம் என்று வழி விட்டது. பல மாநிலப் பூங்காக்கள் அனுமதிப் பத்திரம் கொடுக்கின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களும் முதலில் மறித்து, பின்னர் விளையாடுபவர்களோடு கதைத்து, விதிகளோடு இடம் கொடுத்தன. தென் கரோலைனாவில் 2005இல், மயானங்களிலும் வரலாற்று இடங்களிலும் இதைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று கீழ்ச்சபையில் நிறைவேறியது. மேற்சபையில் நிறைவேறாததால் சட்டமாகவில்லை. ஆனாலும் அது வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒருவருக்கு விளையாடும் இடம், இன்னொருவருக்குத் தாயைப் புதைத்த இடம்.

இதில் மறுபக்கமும் உண்டு. விளையாடுபவர்களில் சிலர், ஒவ்வொரு சிறு பெட்டிக்கும் கடிதம் எழுதிக் காத்திருந்தால் விளையாட்டே செத்துவிடும் என்கிறார்கள். வாங்கின் அடியில் ஒட்டிய, விரல்நுனியளவு காந்தப் பெட்டியால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வேறொரு பூங்காவுக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு நான்கு மாதமாகப் பதில் வரவில்லை. ஆனால் கேட்டால் தாமதமாகும் என்பது கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது என்றே நாங்கள் முடிவுசெய்தோம். பொதுச் சொத்து என்றால் ஆளில்லாத சொத்து என்று பொருளல்ல. அதைக் கூட்டிப் பெருக்கி, வெட்டி, காவல் காக்க ஒருவர் இருக்கிறார். கண்ணுக்கு மறைத்து வைக்கலாம், காப்பவருக்கு மறைத்து வைக்கக்கூடாது.

எங்கள் பெட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறோம். பழைய பதிவை நாங்களே நீக்கி, காரணத்தையும் மறைக்காமல் எழுதினோம். அலுவலர் காட்டிய இடம் பூங்காவின் பக்கவாசலருகே, பாதையை ஒட்டிய வேலிக் கம்பத்தின் பின்புறம். ஒருவரும் புல்லில்கூடக் கால் வைக்கத் தேவையில்லை. சக்கர நாற்காலியில் வருபவரும் எட்டி எடுக்கலாம். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டி. மேலே இது என்ன பெட்டி, யாருடையது, யாரோடு தொடர்புகொள்வது என்ற குறிப்பு. அனுமதி ஒரு வருடத்துக்கு. வருடா வருடம் புதுப்பிக்கிறோம். மாதமொருமுறை போய், நனைந்த கொப்பியை மாற்றுகிறோம்.

இன்னொன்றும் நடந்தது. இந்த விளையாட்டுக்காரர்களிடம் 2002 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. பெட்டி தேடிப் போகும்போது வழியிலுள்ள குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வருவது. அதற்கென்று ஆண்டுதோறும் ஒன்றுகூடுகிறார்கள். நாங்கள் மிதித்த காட்டுக்கு நாங்கள் செய்யக்கூடியது அதுதான் என்று நினைத்தோம். பூங்கா அலுவலகமே பைகளும் இடுக்கிகளும் தந்தது. அதற்கு முன்பெல்லாம் நாங்கள் புதரருகே குனிந்து நின்றால், நாயோடு நடப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிப்போம். பார்ப்பவர்களிடமிருந்து மறைக்கவேண்டும் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். இப்போது கேட்பவருக்கு உண்மையைச் சொல்கிறோம், பெட்டியையும் காட்டுகிறோம். அதனால் பெட்டி களவு போகவில்லை. கேட்டவர்களில் இரண்டு குடும்பங்கள் சனிக்கிழமைகளில் எங்களோடு நடக்கின்றன. நாங்கள் கொண்டுபோகும் சுண்டலுக்கும் அவர்கள் பழகிவிட்டார்கள்.

நூற்றாண்டுக்கு ஊருக்கு வரும்போது இங்கேயும் ஒரு பெட்டி வைக்கலாமே என்று எங்களில் சிலர் ஆசைப்பட்டார்கள். இரண்டு கூட்டம் போட்டுக் கதைத்தோம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு, தெரியாத பெட்டியைத் தொடாதே என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையின் வாக்கை நாங்கள் குழப்பக்கூடாது. கோட்டைகளும் பழைய கட்டடங்களும் தொல்பொருள் சட்டத்தின் கீழ் உள்ளவை. யால போன்ற வனவிலங்குப் பூங்காக்களிலோ, குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது.

ஆனால் பெட்டியே இல்லாத ஒரு வகை உண்டு. அமெரிக்கப் புவியியற் சங்கத்தின் துணையோடு 2004இல் தொடங்கியது. முதலாவது, அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கரையோரத் தேசியப் பூங்கா ஒன்றில் அமைந்தது. அங்கே எடுக்கவும் வைக்கவும் எதுவும் இல்லை. இயற்கை உருவாக்கிய ஓர் இடத்துக்குப் போய், பார்த்து, அந்த இடத்திலேயே விடை காணக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும். எங்கள் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? கீரிமலையில் உப்புக்கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஏன் ஊறுகிறது? நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எப்படி? இந்தக் கேள்விகளைப் புவியியல் ஆசிரியையும் மாணவிகளும் சேர்ந்து தயாரிக்கட்டும். அந்த இடங்களைப் பராமரிப்பவர்களிடம் முதலில் எழுத்தில் அனுமதி கேட்கட்டும். இணையத்தில் பதியும் வேலையையும் அதற்கான செலவையும் எங்கள் கிளை பொறுப்பேற்கிறது. இதுதான் எங்கள் நூற்றாண்டுக் காணிக்கை.

அனுமதி கேட்பது நேரத்தை வீணாக்கும் வேலை என்று நாங்கள் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். அந்த அலுவலரிடம் போய்க் கேட்ட பிறகுதான், பத்தொன்பது வருடமாக நடந்த பூங்காவில் ஒருவர் எங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்.

உலகெங்கும் உள்ள எங்கள் பழைய மாணவிகளே, லண்டன் பக்கம் வந்தால் ஒரு சனிக்கிழமை எங்களோடு நடக்க வாருங்கள். சப்பாத்து நல்லதாகப் போடுங்கள், பேனை ஒன்றும் கொண்டுவாருங்கள். வேலிக் கம்பத்தின் பின்னால் இருக்கும் கொப்பியில் உங்கள் பெயருக்கும் இடம் இருக்கிறது.